பால்புதுமை வழக்கறிஞர்களுக்கு ஒரு தொழில்முறைக் குழு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் ஐந்து வழக்கறிஞர்கள். இருவர் தன்பாலீர்ப்பாளர்கள், ஒருவர் திருநம்பி, மற்ற இருவர் எங்களுக்குத் துணை நிற்கும் நண்பர்கள். தொழிலில் எங்களைப் போன்ற பால்புதுமையர்கள் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோர், அதாவது எல்ஜிபிடிக்யூ) ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவும், வேலை விஷயத்தில் கைகொடுத்துக்கொள்ளவும் ஒரு குழு தொடங்க நினைக்கிறோம். எங்களில் ஒருவர்தான் வெளிப்படையாக இருக்கிறார். வர ஆசைப்படும் பலரும் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறார்கள். உடனே சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா? ஆதரவாளர்களை உறுப்பினர்களாகச் சேர்க்கலாமா, தனியாக வைக்க வேண்டுமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரியாக முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆதரவாளர்களை முதல் நாளிலிருந்தே முழு உறுப்பினர்களாகச் சேருங்கள். அதைவிட முக்கியம், உறுப்பினர் படிவத்தில் ‘எல்ஜிபிடிக்யூ’, ‘ஆதரவாளர்’ என்று இரண்டு கட்டம் போடவே போடாதீர்கள்.

காரணம் எளிது. பட்டியலில் இருப்பவர்களில் யார் எந்த வகை என்று காகிதத்தில் எங்குமே இல்லாவிட்டால், அந்தப் பட்டியல் தப்பித்தவறி வெளியே போனாலும் அது யாரைப் பற்றியும் எதையும் உறுதியாகச் சொல்லாது. குழுவில் இருக்கிறார் என்பதற்கு ‘இந்த வழக்குகளில் அக்கறை உள்ளவர்’ என்பதற்கு மேல் பொருள் இருக்காது. வெளியே சொல்லாத ஒரு ஜூனியர் தைரியமாக உள்ளே வருவதற்கு இந்த ஒரு ஏற்பாடு போதும். ஆதரவாளர்கள் குழுவுக்குச் செய்யும் முதல் உதவியே கூட இருப்பதுதான்.

முன்னோடிகளும் இதை உணர்ந்தே செய்தார்கள் என்று நினைக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 1980-இல் தொடங்கிய வழக்கறிஞர் சங்கம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பே ஏரியா லாயர்ஸ் ஃபார் இண்டிவிஜுவல் ஃப்ரீடம்’. தனிமனித சுதந்திரத்துக்கான வழக்கறிஞர்கள், அவ்வளவுதான். நியூயார்க்கில் இதே நோக்கத்தில் உருவான சங்கமும் தொடக்க காலத்தில் தன் பெயரில் மனித உரிமை என்றுதான் போட்டுக்கொண்டது. அந்தப் பெயரைச் சுயவிவரக் குறிப்பில் எழுதிக்கொள்ள யாரும் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் ஊர் நிலைமை அனுமதித்தால் வெளிப்படையான பெயரே வையுங்கள், அதற்கும் ஒரு பலம் உண்டு. இல்லாவிட்டால் பொதுப்பெயர் வைப்பதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

வெளிப்படையாக இருப்பதற்கு இன்றும் விலை உண்டு. இந்தியாவில் மூத்த வழக்கறிஞர் சௌரப் கிர்பாலை டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கும்படி உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (நீதிபதி நியமனங்களுக்குப் பெயர் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) 2021-இல் பரிந்துரைத்தது. அவர் தன் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்வதும், அவருடைய துணைவர் வெளிநாட்டவர் என்பதும் ஆட்சேபமாக எழுப்பப்பட்டன. இதை 2023 ஜனவரியில் கொலீஜியமே எழுத்தில் வெளியிட்டு, அவர் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. இவ்வளவு பெயர்பெற்ற ஒருவருக்கே இந்த நிலை என்றால், எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்ற முடிவை ஒவ்வொருவர் கையிலும் விட்டுவிடுவதுதான் குழுவின் முதல் கடமை.

அந்த முடிவைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் எதிரிகள் அல்ல. அன்றாடக் கருவிகள்தான் அதைச் செய்துவிடுகின்றன. கூட்டத்துக்கான அழைப்பை அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக நாட்காட்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீனியரின் நாட்காட்டியைக் குமாஸ்தா பார்ப்பார், ஜூனியரின் நாட்காட்டியை அலுவலகமே பார்க்கும். தலைப்பில் இருக்கும் மூன்று சொற்கள் போதும். ஆகவே சொந்த மின்னஞ்சல் முகவரி மட்டும் வாங்குங்கள், தலைப்பைச் சாதுவாக வையுங்கள், எல்லோருக்கும் பெறுநர் பெயர் மறைத்தே அனுப்புங்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும், அதனால் தொடக்கத்தில் அது வேண்டாம். சந்தா வாங்கினால் வங்கிக் கணக்கு அறிக்கையில் என்ன பெயர் விழும் என்று பாருங்கள். கூட்டத்தில் படம் எடுப்பதாக இருந்தால், படம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறத்தில் அடையாள அட்டை நாடா கொடுங்கள். எடுப்பவரும் அதைப் பார்த்து எடுக்க வேண்டும். ‘பெயரில்லாத’ கணக்கெடுப்பு நடத்தினாலும் எச்சரிக்கை தேவை. எந்த அலுவலகம், எத்தனை வருட அனுபவம் என்று இரண்டு கேள்வி சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சரி, கூடி என்ன செய்வது? கூடிப் பேசிக் கலைவது மட்டும் என்றால் நான்கைந்து சந்திப்புகளில் களைத்துவிடும். வழக்கறிஞர்கள் வருவது வேலைக்குப் பயன்படும் விஷயத்துக்கு. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாடம் வையுங்கள். திருமணம் அங்கீகரிக்கப்படாத இடத்தில் துணைவருக்குச் சொத்து போய்ச்சேரும்படி உயில் எழுதுவது எப்படி, மருத்துவமனையில் முடிவெடுக்கும் அதிகாரத்தை எந்த ஆவணத்தால் கொடுப்பது, பெயரும் பாலினமும் மாற்றிக்கொண்ட கட்சிக்காரரின் பழைய சான்றிதழ்களை நீதிமன்றத்தில் எப்படித் தாக்கல் செய்வது... இவை யாருக்கும் தேவைப்படும் பாடங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. “எங்கே போகிறாய்?” என்று கேட்டால் “உயில் பற்றி ஒரு வகுப்பு” என்று உண்மையையே சொல்லிவிட்டு வரலாம். தொடர் சட்டக் கல்விக்கு மதிப்பெண் தரும் நாடாக இருந்தால், அந்த மதிப்பெண்ணுக்கு விண்ணப்பியுங்கள். கூட்டம் தானாகச் சேரும். அமெரிக்காவின் தேசிய எல்ஜிபிடிக்யூ வழக்கறிஞர் சங்கம் எய்ட்ஸ் நெருக்கடி உச்சத்தில் இருந்த காலத்தில் பிறந்தது. அதன் ஆண்டு மாநாடான ‘லாவெண்டர் லா’வில் சட்ட அமர்வுகளோடு வேலைவாய்ப்புச் சந்தையும் நடக்கிறது. தொழிலோடு ஒட்டியிருப்பதால்தான் அது நிலைத்திருக்கிறது என்பது என் கருத்து.

வழிகாட்டும் ஏற்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஜூனியருக்கு ஒரு சீனியர். முடிந்தால் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும், அப்போதுதான் மனம்விட்டுப் பேச முடியும். லண்டனில் 2008-இல் தொடங்கிய ‘இன்டர்லா டைவர்சிட்டி ஃபோரம்’ பல சட்ட நிறுவனங்களில் சிதறிக் கிடந்த எல்ஜிபிடி ஊழியர்களை ஒன்றாக இணைத்தது. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் இருந்தால் அது குழு ஆகாது, பத்து அலுவலகங்களிலிருந்து இரண்டிரண்டு பேர் வந்தால் ஆகும்.

வழக்கறிஞர்கள் கூடும் இடம் என்பதால் மட்டுமே வரும் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். இன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நிற்கலாம். நடப்பு வழக்கின் விவரங்களை, கட்சிக்காரரை அடையாளம் காட்டும்படி யாரும் பேசக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே விதியாக்குங்கள். நட்பான சூழலில்தான் வாய் தவறும். வழக்குகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம், ஆனால் அனுப்பியதற்காகப் பணம் வாங்குவது பல நாடுகளில் தொழில் நடத்தை விதிகளுக்கு எதிரானது. உங்கள் விதிகளைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

குழு இருப்பது தெரிந்ததும் வெளியிலிருந்து உதவி கேட்டு வருவார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், வேலை பறிபோனவர், மிரட்டிப் பணம் பறிக்கப்பட்டவர். மனம் பதறும், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஐந்து பேரால் அது முடியாது. எந்த வகை வழக்கை யார் எடுப்பார், மற்றவற்றை எந்தச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புவது என்று ஒரு பக்கக் குறிப்பு முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். உதவி கேட்டவருக்கு அன்றே ஒரு பதில் கிடைக்க வேண்டும்.

ஆதரவாளர்களிடம் தயங்காமல் வேலை கேளுங்கள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒருவரைக் கேலி பேசும்போது அங்கேயே மறுத்துச் சொல்வது, திருநங்கை வழக்கறிஞரைச் சரியான பெயரில் அழைத்துக் காட்டுவது, நல்ல வழக்குகளில் இந்த ஜூனியர்களுக்கு வாதாட இடம் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதுதான் ஒருவருடைய தொழில் வாழ்க்கையையே மாற்றும். நிர்வாகக் குழுவில் மட்டும் ஆதரவாளர்கள் பெரும்பான்மையாக வேண்டாம். அங்கே நகரத்துப் பெரிய நிறுவனங்களின் ஆண்களே நிரம்பிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பதவிகள் சுழற்சியில் மாறட்டும். உங்கள் திருநம்பி நண்பருக்கு வழக்கறிஞர் பதிவேட்டில் பழைய பெயர் இருந்தால், அதை மாற்றும் வேலையைக் குழுவின் முதல் வேலையாக எடுங்கள். அந்த நடைமுறையை எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

இனி பதிவு. அவசரம் வேண்டாம். பதிவு செய்தால் பொறுப்பாளர் பெயர்கள் பல இடங்களில் பொது ஆவணமாகிவிடும். வங்கிக் கணக்கு, வாடகை, நன்கொடை என்று உண்மையான தேவை வரும்போது செய்யுங்கள், வெளிப்படையாக இருக்கச் சம்மதிப்பவர்களும் ஆதரவாளர்களும் மட்டும் கையெழுத்துப் போடட்டும். மறுப்பு வந்தாலும் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் எல்ஜிபிடிக்யூ மக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் ‘லாம்டா லீகல்’ அமைப்பின் விண்ணப்பத்தை நியூயார்க் நீதிமன்றம் முதலில் நிராகரித்தது. மேல் நீதிமன்றம் அதை மாற்றிய பிறகே 1973-இல் அது உருவானது. போட்ஸ்வானாவில் ‘லெகாபிபோ’ என்ற எல்ஜிபிடிக்யூ அமைப்பு, பதிவு மறுக்கப்பட்ட வழக்கில் 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. கென்யாவில் இதே போன்ற வழக்கு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் முடிந்தது. வழக்கு நடத்தத் தெரிந்தவர்கள் நீங்கள், ஆனால் பிறந்தவுடனே அதில் இறங்க வேண்டுமா என்பதை யோசியுங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும் நாட்டில் இருந்தால் பட்டியலே வைத்துக்கொள்ளாமல் நடத்துவது நல்லது.

நிறுவனங்கள் பணம் தர முன்வந்தால் வாங்கலாம். பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். “எங்கள் அலுவலகத்தில் யார் யார் உறுப்பினர்?” என்ற கேள்விக்கு எந்தத் தொகைக்கும் பதில் கிடையாது என்று அந்தக் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். விலகுபவரின் விவரங்களை எத்தனை நாளில் அழிப்பீர்கள், யார் அழிப்பார் என்பதையும் படிவத்திலேயே எழுதுங்கள். அந்தப் படிவத்தை முதலில் உங்கள் ஐவரில் வெளியே சொல்லாத ஒருவரிடம் கொடுத்து, எந்த வரியில் அவர் பேனா தயங்குகிறது என்று கேட்டுத் திருத்திய பிறகு மற்றவர்களுக்குக் கொடுங்கள்.