ஹாஃப் பேக் என்றதும் முகம் வாட வேண்டாம்: ஃபுட்டி ப்ரீ-சீசனுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: நாங்கள் மெல்பர்னில் வசிக்கிறோம். என் மகனுக்கு 16 வயது, உயரம் 171 செ.மீ. கோடையில் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசுகிறான். இந்த ஆண்டு முதன்முறையாக ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப்பில் சேர்ந்திருக்கிறான்; ஜனவரிக் கடைசியில் ப்ரீ-சீசன், அதாவது பருவத்துக்கு முந்தைய பயிற்சி தொடங்குகிறது. கோல் அடிக்கும் இடத்தில் ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. பயிற்சியாளரோ ஹாஃப் பேக்கில் ஆட வைத்துப் பார்க்கலாம் என்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து முகம் வாடிக் கிடக்கிறான். அது எப்படிப்பட்ட இடம்? அவனை எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில்: உங்கள் மகனின் பயிற்சியாளர் நல்ல முடிவையே எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். புதிதாக ஆட வரும் ஒரு பையனுக்கு இந்த ஆட்டத்தில் ஹாஃப் பேக்கை விடப் பொருத்தமான இடம் அரிது.

களத்தில் ஓர் அணிக்கு 18 பேர். கோடு கிழித்தாற்போல ஐந்து வரிசைகள், வரிசைக்கு மூவர்; நம் கோலிலிருந்து இரண்டாவது வரிசைதான் ஹாஃப் பேக். மீதமுள்ள மூவர், அதாவது ரக், ரக்-ரோவர், ரோவர் ஆகியோர், பந்து போகும் இடமெல்லாம் போவார்கள். ஆஃப்சைடு விதி இல்லாததால் இந்த வரிசைகள் ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே கலைந்துவிடும். ஆகவே ஓர் இடத்தின் பெயர் அவன் நிற்க வேண்டிய புள்ளியைக் காட்டிலும் அவன் பொறுப்பையே குறிக்கிறது. எதிரணி நீளமாக அடித்த பந்தைத் தடுத்து, கையில் எடுத்து, அங்கிருந்தே தம் அணியின் தாக்குதலைத் தொடங்கி வைப்பதுதான் ஹாஃப் பேக் ஆட்டக்காரரின் பொறுப்பு. நடுக்களத்தில் பந்தை எடுப்பவரை நான்கு பக்கமும் ஆள் சூழ்ந்திருக்கும். எதிரணியின் கோலருகே ஆடும் சிறிய ஃபார்வர்டோ பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஹாஃப் பேக்கில் நிற்பவருக்கு மட்டும் களம் முழுவதும் கண்முன்னே விரிந்து கிடக்கும். ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எது?

ஃபுட்டியின் உச்சத் தொழில்முறைப் போட்டியான ஏ.எஃப்.எல்.-இல் ஆடும் காலிங்வுட் அணியின் நிக் டெய்கோஸ் 2022-இல் தம் முதல் பருவத்தைப் பெரும்பாலும் ஹாஃப் பேக்கில்தான் ஆடினார். அந்த ஆண்டே சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதைப் பெற்று, பின்னர் நடுக்களத்துக்கு நகர்ந்தார். உயரம் குறித்துக் கவலை இருந்தால் கேலப் டேனியலைக் காட்டுங்கள். அவர் உயரம் 168 செ.மீ., உங்கள் மகனை விடக் குறைவு. 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். பின்வரிசையிலிருந்து துல்லியமாகப் பந்தை உதைத்தே 2020-இல் அந்த ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் கௌரவ அணியில் இடம்பிடித்தார்.

அவரிடமிருந்து கற்க வேண்டியது அந்த உதையைத்தான். ஹாஃப் பேக்கில் தவறாகப் போகும் ஓர் உதை நேராக எதிரணியின் கோலாக முடியும். எனவே பயிற்சி தொடங்கும் முன்பே உங்கள் மகன் ட்ராப் பன்ட் உதையை, அதாவது கையிலிருந்து விட்ட பந்தைத் தரையில் படுமுன் உதைப்பதை, சீர்செய்யட்டும். முட்டை வடிவப் பந்தைச் செங்குத்தாக, முனை கீழே பார்க்கப் பிடிக்க வேண்டும். வலக்காலால் உதைப்பவர் வலது தொடைக்கு நேராகப் பந்தை வைத்து, இடக்கையை எடுத்துவிட்டு, வலக்கையால் அதைக் கீழ்நோக்கி வழிநடத்தி விட வேண்டும். தூக்கிப் போடக் கூடாது. பந்தின் கீழ்முனை ஷூவின் கயிறு கட்டும் பகுதியில் படும்போது கால்விரல்கள் நீண்டு விறைத்திருக்க வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்நோக்கிச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். பந்து தள்ளாடினால் பிள்ளைகள் காலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை கையில்தான், பந்தை விட்ட விதத்தில்தான் இருக்கும். 20 மீட்டர் தூரத்தில் ஒருவரை நிறுத்தி நாளொன்றுக்கு வலக்காலில் 30, இடக்காலில் 30 உதைத்தால் போதும். இடக்கால் உதை முதல் வாரம் அசிங்கமாகத்தான் இருக்கும். அதற்காக விட்டுவிடக் கூடாது.

பிடிப்பதில் அவனுக்குக் கிரிக்கெட் கைகொடுக்கும். உயரப் பந்தின் போக்கைக் கணித்து ஓடிப் பழகியவர்களுக்கு 15 மீட்டருக்குக் குறையாமல் உதைக்கப்பட்டு வரும் பந்தைத் தரையில் படுமுன் பிடிப்பது, அதாவது மார்க், விரைவில் கைவரும். இந்த ஆட்டத்துக்கு வித்திட்டதே கிரிக்கெட்டர்கள்தான். 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்டர்கள் உடல் தளராமல் இருக்க ஒரு கால்பந்து கிளப் வேண்டும் என்று மெல்பர்ன் இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மே மாதம் விதிகள் எழுதப்பட்டன.

ஆனால் எனக்குக் கவலை தருவதும் அந்தக் கிரிக்கெட்தான். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை இரண்டு ஆட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். வளரும் வயதில் வேகப்பந்து வீசுபவர்களுக்கு இடுப்பெலும்பை ஒட்டிய கீழ்முதுகில் அழுத்த முறிவு வருவது நன்கு அறியப்பட்ட ஆபத்து. சனிக்கிழமை பந்துவீச்சு, செவ்வாயும் வியாழனும் ஃபுட்டி ஓட்டம், நடுவே கிரிக்கெட் வலைப்பயிற்சி என்று போனால் முதுகுக்கு ஓய்வே கிடைக்காது. இரு பயிற்சியாளர்களுக்கும் மற்றவரின் அட்டவணை பெரும்பாலும் தெரிந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். என் ஆலோசனை, அந்த மாதங்களில் வலைப்பயிற்சியில் பந்துவீசுவதை நிறுத்திவிட்டு மட்டைப்பயிற்சி மட்டும் செய்யட்டும்; ஞாயிறு முழு ஓய்வு. கீழ்முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி, அதுவும் பின்னால் வளையும்போது கூடுகிறது என்றால் அன்றே பந்துவீச்சையும் ஓட்டத்தையும் நிறுத்தி மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, முதல் நாள் பயிற்சிக்கு ஓடிப் பழகாத காலோடு போய் நிற்கக் கூடாது. ஏ.எஃப்.எல். நடுக்கள வீரர் ஒரு போட்டியில் 12 முதல் 14 கி.மீ. வரை ஓடுவார், தொழில்முறை கிளப்புகள் அதற்காக நவம்பரிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகின்றன. உங்கள் மகனுக்கு நான்கு வாரம் போதும். முதல் வாரம் மூன்று நாள், புல்தரையில் 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். இரண்டாம் வாரத்திலிருந்து அதில் ஒரு நாளை மாற்றி, 100 மீட்டரை முக்கால் வேகத்தில் ஓடித் திரும்பி நடந்து வருவதை எட்டு முறை செய்யட்டும். நான்காம் வாரம் 2 கி.மீ. ஓட்டத்துக்கு நேரம் பாருங்கள், ஏ.எஃப்.எல். அணிகளின் வீரர் தேர்வுக்கு வரும் இளைஞர்களுக்கும் அதுவே சோதனை. அவர்களில் முன்னணியினர் ஆறு நிமிடத்தை ஒட்டி முடிப்பார்கள். உங்கள் மகன் எட்டரை நிமிடத்துக்குள் முடித்தாலே நல்ல தொடக்கம்.

இந்த ஆட்டத்தில் மிக அதிகமாகக் காயப்படும் தசை தொடையின் பின்தசை. அதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு: மண்டியிட்டு, குதிகாலுக்கு மேல் நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் இடுப்பை மடக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும்; தாங்க முடியாத புள்ளியில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். வாரம் இருமுறை, ஐந்தைந்தாக இரண்டு சுற்று. முதல் தடவை மறுநாள் தொடை வலிக்கும் என்பதால் கிரிக்கெட் போட்டிக்கு முந்தைய நாள் வேண்டாம். கோடையில் காய்ந்து இறுகிய தரையில் நீண்ட குமிழ் வைத்த பூட்ஸ் முழங்காலைப் பதம் பார்க்கும். பிப்ரவரி வரை சாதாரண ஓட்டக் காலணியே போதும்.

டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) சொல்லித்தரும் நாட்களை மட்டும் அவன் தவறவிடவே கூடாது. தோளுக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் பிடிப்பது, பிடிபட்டால் தலை தரையில் மோதாமல் விழுவது ஆகிய இரண்டும் ப்ரீ-சீசனில் கற்காவிட்டால் பிறகு நேரம் கிடைப்பதில்லை. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் வாய்க்காப்பை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மென்தலைக்கவசம் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அப்படி அதிர்ச்சி நேர்ந்தால் உள்ளூர் ஆட்டங்களில் குறைந்தது 21 நாள் கழித்தே போட்டிக்குத் திரும்பலாம். அதற்கு முன்னர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவன் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மார்ச் மாதப் பயிற்சிப் போட்டிகளில் ஒரே பையனைக் குவார்ட்டருக்கு (ஆட்டத்தின் கால்பகுதிக்கு) ஓர் இடமாக மாற்றி நிறுத்திப் பார்ப்பது வழக்கம். 'ஒரு குவார்ட்டர் ஃபார்வர்ட் பாக்கெட்டில் ஆடிப் பார்க்கட்டுமா?' என்று, கோலருகே உள்ள அந்த இடத்தை அப்போது உங்கள் மகனே கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம். பிப்ரவரி முழுவதும் பின்வரிசையில் மனம் வைத்து உழைத்த பையன் அப்படிக் கேட்டால் மறுக்கும் பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை.