“பார்த்தாலே தெரியுதே!” – எடை பற்றிய கேள்விகளும் பதில்களும்

எடை, தொப்பை, அதை வைத்து ஊர் பேசும் பேச்சு, இவற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். நான் பொது மருத்துவர். சர்க்கரை, பிரஷர் நோயாளிகளோடுதான் என் பாதி நாள் போகிறது.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் கொஞ்சம் பூசின உடம்பு. ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் வீட்டுக்காரரின் அண்ணன் “பூசணிக்கா வருது, வழி விடுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ராத்திரி சாப்பிட மாட்டேன் என்கிறாள். டயட்டில் போடலாமா? கழுத்தில் வேறு கறுப்பாக அழுக்கு, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. (ஒரு அம்மா, மதுரை)

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்காக இருக்க வாய்ப்பு குறைவு. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி போல் கறுத்துக் கிடந்தால், உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் அந்த இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுத்து புண்ணாகி வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். “ஒழுங்கா குளிக்க மாட்டியா” என்ற திட்டு வேறு வாங்கியிருப்பார்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தில் அவள் உயரத்தையும் எடையையும் குறித்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் சர்க்கரையும் கல்லீரலும் பரிசோதிப்பார்.

டயட் வேண்டாம். வயதுக்கு வரும் பருவத்தில் பெண் குழந்தைக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது இயற்கை. உயரமும் ஏறிக்கொண்டிருக்கும் வயது இது. எடை இப்போதைக்குக் கூடாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்குப் போதும், உயரம் ஏற ஏறச் சரியாகிவிடும். ராத்திரி சாப்பாட்டை விட்ட பிள்ளை பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்கும், அதையும் ஒளித்துச் செய்யும். மாற்றம் வீட்டுக்கே பொதுவாக இருக்கட்டும். டியூஷன் முடிந்து வாங்கும் பஃப்ஸும் பாட்டில் ஜூஸும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சேர்த்தே நிற்க வேண்டும். அவளுக்கு மட்டும் சப்பாத்தி, மற்றவர்களுக்கு பரோட்டா என்றால் அது தண்டனை. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடுங்கள்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்வது பதினொரு வயசுப் பிள்ளையின் வேலை இல்லை. உங்கள் வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். அடுத்த விசேஷத்துக்கு முன்னாலேயே போன் போட்டு, “அண்ணே, பாப்பாகிட்ட இனிமே உடம்பைப் பத்திப் பேச வேண்டாம்” என்று சொன்னால் போதும், சண்டை போடத் தேவையில்லை. எடையை வைத்துக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களைவிட எடை கூடுதலாகவே ஏறியது என்று, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன. இதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.

எங்கள் காலத்தில் “இளைச்சுட்டியே”, “ஊதிட்டியே” என்று கேட்பதுதான் பாசம். இப்போது வாயைத் திறந்தாலே பாடி ஷேமிங் என்கிறார்கள். சர்க்கரை வரும் என்று எச்சரிப்பதும் தப்பா டாக்டர்? (ஓய்வு பெற்றவர், திருநெல்வேலி)

எச்சரிப்பது தப்பில்லை ஐயா. ஆனால் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரிடம், இரண்டாவது தடவை சாதம் கேட்கும்போது, பக்கத்து இலைக்கும் கேட்கும்படி சொல்வதை எச்சரிக்கை என்று எப்படி எடுத்துக்கொள்வது? அக்கறையைத் தனியாகச் சொல்லலாமே.

இன்னொன்று, காரணம் உங்களுக்குத் தெரியாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு முகம் ஊதும். மனநல மருந்துகள் சிலவற்றால் எடை ஏறும். கரு கலைந்து இரண்டு மாதமான பெண்ணிடம் “என்ன, ஏதாவது விசேஷமா?” என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டவர்களும் உண்டு. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். திடீரென்று எட்டு கிலோ இறங்கியவரிடம் “சூப்பரா இளைச்சுட்டீங்க, என்ன ரகசியம்?” என்று ஆபீஸே கொண்டாடும். கடைசியில் அது காசநோயாக இருக்கும், இல்லாவிட்டால் கட்டுக்கடங்காத சர்க்கரையாக இருக்கும். பாராட்டு கிடைத்த சந்தோஷத்தில் மருத்துவரிடம் வருவதைத் தள்ளிப்போட்டிருப்பார்.

உண்மையிலேயே கவலை என்றால், “நான் சுகர் பார்க்கப் போறேன், கூட வர்றியா?” என்று கூப்பிடுங்கள். உங்கள் தொப்பையையும் அன்றைக்கே அளந்துகொள்ளலாம்.

வயது 33, ஐ.டி. வேலை. உயரம் 168 செ.மீ., எடை 63 கிலோ, பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 22.3. ஆனால் மாஸ்டர் செக்கப்பில் கொழுப்புக் கல்லீரல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1 என்று வந்திருக்கிறது. என்னைவிடக் குண்டான நண்பனுக்கு எல்லாமே நார்மல். லேப் மாற்றிவிட்டதா? (சென்னை)

லேப் மேல் பழி போடாதீர்கள். உங்கள் 22.3-க்கு மருத்துவ உலகில் ஒரு கதையே இருக்கிறது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் பிரிட்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. சரியாக 22.3. உடம்புக் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் ஊரில் கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் போதும்.

பி.எம்.ஐ. என்பது 1830-களில் பெல்ஜியத்தின் கெட்லே என்ற புள்ளியியலாளர் மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கப் போட்ட கணக்கு. அவர் டாக்டரும் இல்லை. அந்தக் கணக்குக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. அதனால்தான் நமக்கு எல்லைக்கோட்டையே இறக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளையர்களுக்கு 25-ல் தொடங்கும் அதிக எடை, இந்தியர்களுக்கு 23-லேயே தொடங்குகிறது.

நீங்கள் அளக்க வேண்டியது இடுப்புச் சுற்றளவு. பேண்ட் சைஸை வைத்துச் சொல்லக் கூடாது, பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி ரொம்ப நாளாகியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. உயரத்தில் பாதிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு அது 84.

6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, திருப்பக்கூடிய கட்டம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வையுங்கள். நண்பருக்கு இன்று நார்மல் என்பதால் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைய தேதிக்கு உங்கள் இருவரில் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஊர் அறிவுரை மட்டும் அவருக்கே போயிருக்கும்.

காய்ச்சல், காதுவலி, எதற்குப் போனாலும் “முதல்ல வெயிட்டைக் குறைங்க” என்கிறார்கள். பி.பி.யும் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. (ஆசிரியை, 41, சேலம்)

எங்கள் ஆட்கள் செய்யும் தப்பு இது. காதுவலிக்குக் காதைத்தான் பார்க்க வேண்டும். இனி யாராவது அப்படிச் சொன்னால், “சரி டாக்டர், இதே வலியோடு எடை குறைவான ஒருவர் வந்திருந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்? அதை எனக்கும் எழுதுங்கள்” என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம்.

பி.பி. விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கையில் சுற்றும் பட்டைக்கு அளவு உண்டு. பருத்த கையில் சாதாரண பட்டையை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் பி.பி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்குச் சாதாரண பட்டை போட்டு அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளி கூடியிருந்தது. 125 இருப்பவருக்கு 145 என்று எழுதி மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். காற்றடிக்கும்போது ஒட்டுப்பட்டை பிய்த்துக்கொண்டு திறக்கிறது என்றால் பட்டை சின்னது என்று அர்த்தம். “பெரிய கஃப் இருக்கா சிஸ்டர்?” என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்படி அளந்தும் கூடுதல் என்றால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாலு பேர் சொன்னால்தானே உறைக்கும்? “உன் உடம்பை ஏற்றுக்கொள்” என்பது நோயை வளர்ப்பதுதானே? (பெயர் சொல்லாதவர்)

உறைத்தால் இளைக்கும் என்றால் தமிழ்நாட்டில் குண்டானவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். சினிமா காமெடி முதல் கல்யாணப் பந்தி வரை இங்கே கேலிக்கு என்ன பஞ்சம்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2015-16-ல் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையில் இருந்தார்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம்.

எடையால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத்திணறல், சில வகைப் புற்றுநோய்கள், எல்லாவற்றுக்கும் தொடர்பு உண்டு. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் பி.பி.யும் இறங்கும். அதற்கு அந்த மனிதர் நடக்க வெளியே வர வேண்டும், ஜிம்மில் கால் வைக்க வேண்டும், டாக்டரிடம் எடை மெஷினில் ஏற வேண்டும். சிரிப்புக்குப் பயந்து இந்த மூன்றையும்தான் முதலில் விடுகிறார்கள். எடை வேறுபாட்டில் பெரும்பங்கு பரம்பரையிலிருந்து வருகிறது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாமே வாயைக் கட்டாததால் வருவதில்லை.

வயது 24, எடை 47 கிலோ. “ஒட்டடைக்குச்சி” என்கிறார்கள். வெயிட் ஏற ஒரு லேகியம் கிடைக்கிறது, ஒரே மாதத்தில் முகம் நிறைந்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? (கடலூர்)

வாங்காதீர்கள் தம்பி. ஒரு மாதத்தில் முகம் நிறைகிறது என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும். அது சதை இல்லை, நீரும் கொழுப்பும் சேரும் வீக்கம். அப்புறம் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம். பசி தூண்டும் மாத்திரை என்று கடையில் கொடுப்பதும் பெரும்பாலும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்துதான்.

சின்ன வயதிலிருந்தே இதே வாகு, அப்பாவும் இப்படித்தான், பசி நன்றாக இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சமீபத்தில் இறங்கிய எடை என்றால் தைராய்டு, சர்க்கரை, காசநோய்க்கான சளிப் பரிசோதனை மூன்றையும் பாருங்கள். எடை போட வேண்டுமென்றால் வேர்க்கடலை, முட்டை, பால், வாழைப்பழம், அதோடு எடை தூக்கும் பயிற்சி. மெதுவாகத்தான் ஏறும்.

குழந்தைக்கு நாலு மாசம். தாய்ப்பால் கொடுக்கிறேன். “இன்னும் வயிறு உள்ளே போகலையே” என்று மாமியார் தினமும் சொல்கிறார். சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன். (ஈரோடு)

குறைத்ததை இன்றே திரும்ப ஏற்றுங்கள். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. ஒன்பது மாதம் விரிந்த வயிறு நாலு மாதத்தில் சுருங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அத்தையிடம், “டாக்டர் இப்போ நல்லா சாப்பிடச் சொல்லியிருக்காங்க” என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் “பொண்ணு கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்” என்றார்களாம். பி.எம்.ஐ. 26. எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி போட்டுக்கொள்ளலாமா? (கோவை)

அது 2025-ல் இந்தியாவுக்கு வந்த நல்ல மருந்து. வேண்டியவர்களுக்கு நானே எழுதுகிறேன். பி.எம்.ஐ. 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் சர்க்கரை, பி.பி. போன்ற தொல்லையும் சேர்ந்தவர்களுக்கானது. கல்யாண ஆல்பத்துக்கானது இல்லை. கர்ப்பமாகத் திட்டமிட்டால் ஒரு மாதமாவது முன்பே நிறுத்த வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைக்கலாம். புதுமணப்பெண்ணுக்கு இரண்டுமே முக்கியம். நிறுத்தினால் எடை திரும்புவதும் சகஜம். இதே ரகத்தைச் சேர்ந்த செமாக்ளூடைடு ஆய்வில், நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. நிச்சயத்துக்கு முன்னாலேயே உடம்புக்கு நிபந்தனை போடும் வீட்டைப் பற்றி ஊசியைவிட அதிகமாக யோசியுங்கள் என்பது மருத்துவ ஆலோசனை இல்லை, ஒரு அக்கா சொல்வது.

தைராய்டு வந்து 18 கிலோ ஏறிவிட்டேன். மாத்திரை போட்டும் இறங்கவில்லை. (தஞ்சாவூர்)

தைராய்டு குறைவால் மட்டும் ஏறுவது பொதுவாக 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் மீதி நிற்கிறது என்றால் காரணம் வேறு. ஒன்றைச் சரிபாருங்கள். மாத்திரையைப் போட்ட கையோடு காபி குடிக்கிறீர்களா? அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேரம்.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்கிறார்களே, தினமும் கொள்ளு ரசம் குடித்தால் இளைக்குமா? (பல பேர்)

கொள்ளு நல்ல பயறு. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் தாராளம். எள்ளில் பாதி எண்ணெய். பழமொழி சொன்னவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் கொழுப்பைக் கரைக்கும் வேலையெல்லாம் கொள்ளு செய்யாது. ரசத்தில் தண்ணீரை வடித்துக் குடித்துவிட்டு, பயறை மாட்டுக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பயறையும் சுண்டலாகச் சாப்பிடுங்கள், சாதம் தானாகக் குறையும்.