கோல்னா ஜோட்னா: மாட்டும்போது ஏன் கை தடுமாறுகிறது?

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். என்.சி.சி.யில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அடுத்த முகாமில் கோல்னா ஜோட்னா, அதாவது ரைஃபிளைக் கழற்றி மாட்டும் போட்டி இருக்கிறது. இன்சாஸ் ரைஃபிளைக் கழற்றுவது சுலபமாக வருகிறது, ஆனால் திரும்ப மாட்டும்போது எது முதலில், எது அடுத்தது என்று குழம்பி, கையும் நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. என்ன செய்யலாம் ஐயா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கழற்றும்போது ரைஃபிளே உனக்கு வழி சொல்லிவிடும் அம்மா. ஒன்றை எடுத்தால்தான் அடுத்தது வெளியே வரும். மாட்டும்போது எல்லாம் தரையில் கிடக்கும், நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் அந்த வரிசையை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள், நடுவில் ஒன்று மறந்தால் மொத்தமும் போச்சு.

வரிசையை விட்டுவிடு. சுட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று நிதானமாக ஒரு தடவை யோசி. குண்டு குழலில் ஓடும்போது பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாக மேலே ஏறி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பிஸ்டன் போகிற போக்கில் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறந்து கூடவே இழுத்துப் போகிறது, காலித் தோட்டா வெளியே விழுகிறது, அப்புறம் அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளும்போது மேகசின் என்கிற தோட்டாப் பெட்டியில் இருக்கும் அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. இது புரிந்துவிட்டால் வரிசை தானாக வரும். முன்பக்கம் வாயுவுக்கான குழாய், அதில் போய்ச் சேருகிற பிஸ்டனும் போல்ட்டும், அவற்றைப் பின்னாலிருந்து தள்ள ஸ்பிரிங், மேலே மூடி, கடைசியில் மேகசின்.

பெரும்பாலும் கை தடுமாறுவது இரண்டு இடத்தில்தான். போல்ட்டை நன்றாக முன்னால் இழுத்து வைக்காமல் உள்ளே நுழைக்கப் பார்ப்பார்கள், அது போகாது, அந்தப் பதற்றத்தில் அடித்துத் தள்ளுவார்கள். தயவுசெய்து அடிக்காதே, பலம் தேவைப்படுகிறது என்றால் ஏதோ தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, ஸ்பிரிங்கின் பின்முனை தன் இடத்தில் உட்காராவிட்டால் மூடி படியாது. இந்த இரண்டையும் மட்டும் தனியாக இருபது தடவை செய்து பார், நேரம் பார்க்காமல்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் எங்கள் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். என்கிற பழைய ரைஃபிள். அதன் வாயுக் குழாயின் முன்முனையை அடைக்கும் கேஸ் பிளக்கை இரண்டு விதமாக மாட்டலாம், ஒரு விதத்தில் கையெறிகுண்டு ஏவுவதற்காக வாயு அடைபட்டுவிடும். நான் அவசரத்தில் அப்படி மாட்டிவிட்டேன். ஃபயரிங் ரேஞ்சில் ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கையால் காக் செய்ய, அதாவது போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டியிருந்தது, காரணமே புரியவில்லை. எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், திட்டவில்லை. சாயங்காலம் ஒவ்வொரு பாகத்தையும் என் கையில் கொடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பிறகு நான் வரிசையை மறந்ததில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போட்டியோ, வெறும் பயிற்சியோ, ரைஃபிளைக் கையில் வாங்கியதும் முதலில் மேகசினை எடு, காக் செய், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார், ஒரு விரலை விட்டும் பார். பக்கத்தில் இருப்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் சரி, ஹவில்தாரே சொன்னாலும் சரி, நீ பார். மாட்டி முடித்ததும் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து இரண்டு தடவை காக் செய்து விசையை அழுத்து, 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். இதற்குப் போகிற நொடிகளை மிச்சம் பிடிக்க நினைக்காதே.

கேள்வி: என் மகள் பள்ளி என்.சி.சி.யில் இருக்கிறாள். பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுப்பது பயமாக இருக்கிறது. (ஒரு தாய், விருதுநகர்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது, பெற்றவர்களுக்கு அது இருக்கத்தான் வேண்டும். அணிவகுப்பில் தூக்கிப் பிடிக்கிற டி.பி. ரைஃபிள் சுடவே முடியாதது, டிரில்லுக்கென்றே ஒதுக்கியது. சுடப் பழகுவது பெரும்பாலும் பாயின்ட் 22 ரைஃபிளில், ரேஞ்சில், அதிகாரிகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஆயுதங்கள் கோத் என்கிற பூட்டிய அறையில், எண்ணிக்கைக் கணக்கோடு இருக்கும். கழற்றி மாட்டும் வகுப்பில் தோட்டாவுக்கு இடமே கிடையாது. முகாமில் இந்த ஒழுங்கு எங்கேயாவது தளர்ந்திருப்பதாக மகள் சொன்னால் உடனே பொறுப்பு அதிகாரியைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: கண்ணைக் கட்டிக்கொண்டு ரைஃபிளை மாட்டுவதெல்லாம் வித்தை காட்டத்தானே? (வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. ராத்திரியில் காவல் நிற்கும் சிப்பாய் டார்ச் அடித்தால் தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடுவான். மழையும் மண்ணும் ஏறிய ரைஃபிளை அந்த இருட்டிலேயே திறந்து, துடைத்து, மாட்டியாக வேண்டும். அதனால்தான் கழற்றிய பாகங்களைத் தரைவிரிப்பில் எப்போதும் ஒரே வரிசையில், இடமிருந்து வலமாக வைக்கச் சொல்கிறோம். கடைசியாக வைத்தது எங்கே என்று கைக்குத் தெரிந்தால் போதும், அங்கிருந்து திரும்பி வந்துவிடலாம்.