புரோமோட்டரில் ஜோசியம் பார்க்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: சிஆர் 1009 சப்1 நெல்லில் ஆய்வு செய்கிறேன். வெள்ளம் தாங்க வைக்கும் சப்1ஏ மரபணு, நெல் ஜீனோம் தளமான ஆர்ஏபி-டிபியில் எப்படித் தேடினாலும் வரவில்லை. தளம் பழுதா?

ப: தளம் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே இருப்பது நிப்பான்பாரே ரகத்தின் ஜீனோம் (முழு மரபணுத் தொகுதி). ஜப்பானிகா என்ற துணையினமான அதில் சப்1பி, சப்1சி உண்டு, சப்1ஏ கிடையாது. வெள்ளம் தாங்கும் குணம் ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து வந்தது. இண்டிகா என்ற மற்றத் துணையினத்தின் ஜீனோம்களில் தேடுங்கள். கிடைத்ததும் துள்ளாதீர்கள், எந்த அல்லீல் (மரபணுவின் எந்த வடிவம்) என்று பாருங்கள். ஐஆர்64-இலும் சப்1ஏ இருக்கிறது. ஆனால் அது வெள்ளம் தாங்காத சப்1ஏ-2.

கே: நெல்லில் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள் (மற்ற மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்கள்) 1,850 என்கிறார்கள் சிலர், 2,400 என்கிறார்கள் சிலர். எது சரி?

ப: இரண்டும். முன்னது மரபணு இடங்களின் கணக்கு, பின்னது ஒரே மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டி வரும் ஸ்ப்ளைசிங் வடிவங்களையும் சேர்த்த புரதங்களின் கணக்கு. எதை எண்ணினீர்கள் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

கே: பழைய கட்டுரையிலிருந்து எடுத்த 300 மக்காச்சோள மரபணு எண்களில் பாதி மெய்ஸ்ஜிடிபி தளத்தில் கிடைக்கவில்லை. என்ன செய்ய?

ப: ஜீனோமின் எந்தப் பதிப்பு என்று எழுதாமலே கேட்கிறீர்கள். எத்தனை முறைதான் சொல்வது? ஜிஆர்எம்இசட்எம் என்று தொடங்கினால் பழைய பதிப்பு. இசட்எம்00001டி என்றால் நான்காவது. இசட்எம்00001இபி என்றால் ஐந்தாவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அட்டவணை அதே தளத்தில் இருக்கிறது. சில மரபணுக்கள் பிளந்திருக்கும், சில ஒன்றாகியிருக்கும். அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

கே: என் மரபணுவை இயக்கும் புரோமோட்டர் பகுதி என்று அதற்கு மேல்புறம் 2 கேபி (2,000 டிஎன்ஏ எழுத்து) எடுத்து, அதில் சிறு வரிசைகளைத் தேடித்தரும் பிளாண்ட்கேர் தளத்தில் போட்டேன். ஐந்து ஏபிஆர்இ (ஏபிஏ என்ற வறட்சி ஹார்மோனுக்குப் பதில் தரும் சிறு வரிசை) வந்தது. எனவே இது வறட்சியில் இயங்கும் மரபணு என்று எழுதலாமா?

ப: கூடாது. வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது, எனக்கு அலுத்துவிட்டது.

கணக்குப் போடுங்கள். ஏபிஆர்இ-யின் மையம் ஏசிஜிடிஜி, ஐந்தே எழுத்து. தற்செயலாகவே சுமார் ஆயிரம் எழுத்துக்கு ஒரு முறை வரும். இரு இழைகளையும் சேர்த்தால் உங்கள் 2,000 எழுத்தில் தோராயமாக நான்கு. ஐந்து கண்டுபிடித்ததற்கு ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமா? இதே வகையான பிளேஸ் தளத்தில் ஏசிஜிடி என்ற நான்கெழுத்துக்கே ஒரு பெயர் உண்டு. அது எந்த மரபணுவின் மேலேயும் ஏழெட்டு இருக்கும். அந்தத் தளத்தில் 2007-க்குப் பிறகு புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை, இன்றும் வண்ணப்படம் போட்டு அனுப்புகிறார்கள்.

குறைந்தபட்சம், அதே ஜீனோமில் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் மரபணுக்களின் புரோமோட்டரை எடுத்து அவற்றிலும் எண்ணுங்கள். பிறகு அந்த மரபணு வறட்சியில் உண்மையிலேயே கூடுகிறதா என்று மரபணு இயக்கத்தை அளக்கும் ஆர்என்ஏ-சீக் தரவில் பாருங்கள். ஃபேக்டர் டிஎன்ஏவில் எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் சிப்-சீக் அல்லது டாப்-சீக் சான்று இருந்தால் அதுதான் பேச வேண்டும்.

2 கேபி என்பதும் யாரோ வசதிக்கு வகுத்த எல்லை. மக்காச்சோளத்தின் கிளைகளை அடக்கும் டிபி1 மரபணுவைத் தூண்டும் ஹாப்ஸ்காட்ச் என்ற தாவும் துண்டு சுமார் 60 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மக்காச்சோள ஜீனோமில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இப்படிப்பட்ட துண்டுகள்தான். நெல்லுக்குச் சரிப்பட்ட எல்லை அங்கே செல்லாது. 16 ஜிபி (1,600 கோடி எழுத்து) கோதுமைக்குச் சொல்லவே வேண்டாம்.

கே: புல் பயிர்களுக்கு கிராசியஸ் தளம் ஒன்று போதாதா?

ப: எந்த ஃபேக்டர், எந்தக் குடும்பம், என்ன பெயர் என்று தொடங்க நல்ல இடம். மோடிஃபுக்கு (ஃபேக்டர் ஒட்டும் வரிசை) ஜாஸ்பர் தளம், இனங்களை ஒப்பிட கிராமீன் தளம்.

கே: கோ 86032 கரும்புக்கு எந்த ஜீனோமை வைத்துக்கொள்வது?

ப: ஆர்570 கரும்பின் விரிவான ஜீனோம் 2024-இல் வெளிவந்தது. ஆனால் கரும்பில் நூற்றுக்கு மேல் குரோமோசோம்கள், ஒவ்வொரு மரபணுவுக்கும் பல படிகள். எந்தப் படியைப் பார்க்கிறீர்கள் என்பதில் குழம்புவீர்கள். முதலில் கரும்பின் உறவான சோளத்தின் பிடிஎக்ஸ்623 ஜீனோமில் பார்த்துத் தெளிந்துவிட்டு அங்கே போங்கள். ஆர்570 உங்கள் ரகமல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

கே: பட்டியலில் 'டிசம்பர் 1' என்று ஒரு மரபணு வருகிறது. இது என்ன?

ப: டெக்1 (DEC1). நெல்லின் கணுவிடை நீள்வதை அடக்கும் ஃபேக்டர். எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டது. கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். ஏற்கெனவே சேமித்துவிட்டீர்களானால் மூலக்கோப்பை மறுபடி இறக்குங்கள், இம்முறை பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு.