துடைப்பமும் தூக்கமும்

கேள்வி: நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் மாலத்தீவிலும் ஜப்பானிலும் ஆசிரியையாக இருந்ததாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்குகிறார்களாம். என் வகுப்பில் துடைப்பத்தைத் தொடச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். முதல் பாடவேளையில் நான்கைந்து பேர் தூங்கியே விடுகிறார்கள். நம் வடசென்னைப் பிள்ளைகள் மட்டும் ஏன் இப்படி, அம்மா?
ஓர் ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை.

பதில்: ‘நம் பிள்ளைகள் மட்டும்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை, அம்மா. பதினான்கு வயதுக்கே உரிய கூச்சத்தையும் ரோஷத்தையும், கூட்டாளிகளுக்கு முன்னால் தலை குனியக் கூடாது என்ற தவிப்பையும் மூன்று நாடுகளிலும் ஒன்றுபோலவே கண்டேன். மாலே நகரில் கரும்பலகைக்கு வர மறுத்த மாணவி, நான் ராயபுரத்தில் பார்த்த மாணவியேதான். பெரியவர்கள் அவர்களுக்குச் செய்து வைத்திருந்த ஏற்பாடுகள்தான் வேறு.

ஜப்பானியப் பள்ளிகள் பலவற்றில் துப்புரவுக்குக் கால அட்டவணையிலேயே நேரம் உண்டு. ஈரத்துணியை மடித்துத் தரையில் வைத்து, இரு உள்ளங்கைகளாலும் அழுத்தியபடி, குனிந்த நிலையிலேயே நடைக்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பையன்களும் பெண்களும் ஓடுவார்கள். நானும் அவர்களோடு துணி பிடித்திருக்கிறேன். முறை எல்லோருக்கும் வரும். நம் ஊரிலோ, துடைப்பம் யார் வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போகிறது என்ற கேள்வி உடனே எழுகிறது. தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ‘என் பிள்ளை படிக்க வந்தானா, பெருக்க வந்தானா’ என்று ஒரு தாய் கேட்டால், அதை ஒழுங்கீனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பழக்கம் உங்கள் வகுப்புக்கு வர வேண்டுமானால், முதல் நாள் நீங்களே துடைப்பத்தை எடுங்கள். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒருவர் விடாமல் முறை வையுங்கள். கழிப்பறையை அதில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது தூக்கம். வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரப்பதால், இந்த வயதினருக்குச் சீக்கிரம் தூக்கம் வருவதும் இல்லை, காலையில் எளிதாக விழிப்பதும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், இவர்களுக்குப் பள்ளி காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. நம் பிள்ளைகளில் சிலருக்கு இதோடு வேலையும் சேர்ந்துகொள்கிறது. ராயபுரத்தில் என் வகுப்பில் தினமும் மேசையில் தலை சாய்த்துவிடும் ஒரு பையனை ஒருநாள் கடிந்துகொண்டே தட்டி எழுப்பினேன். அவனுடைய கைக்கடிகார வாரில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. விடியும் முன்பே அப்பாவுடன் காசிமேட்டு ஏலத்துக்குப் போய், ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, குளித்து, சீருடை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதைக் கேட்டறிய எனக்கு ஆறு மாதம் ஆனது என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

தூங்கும் அந்த நான்கைந்து பேரையும் தனித்தனியே அழைத்து, எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேளுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். தேர்வுகளை மூன்றாம் பாடவேளைக்கு மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள். நான் அப்படி மாற்றிய பிறகு அந்தப் பையன் கணக்கில் தேறினான்.