வாயைக் கட்ட ஜெயில் எதுக்கு, சம்பளம் போதும்

கேள்வி: அமெரிக்காவோட வலதுசாரி அரசியல் பேச்சாளர் சார்லி கர்க் கொலையானப்போ சோஷியல் மீடியால கண்டபடி எழுதினவங்களை எல்லாம் கம்பெனிங்க வேலையை விட்டு தூக்கினாங்க. உடனே பேச்சுரிமை போச்சுன்னு ஒரே கூச்சல். அரசாங்கமா புடிச்சு ஜெயில்ல போட்டுச்சு? தனியார் கம்பெனி, அவங்க காசு, அவங்க இஷ்டம். இதுல என்ன சார் தப்பு?
(ஒரு வாசகர், டல்லாஸ்)

பதில்: சட்டத்தை மட்டும் பாத்தா நீங்க சொல்றது பெரும்பாலும் சரிதான். பேச்சுரிமையைக் காப்பாத்துற அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் அரசாங்கத்தோட கையைத்தான் கட்டுது, முதலாளி கையை இல்ல. மொண்டானாவைத் தவிர மத்த மாநிலங்கள்ல காரணமே சொல்லாம ஆளை அனுப்பலாம்ங்கறதுதான் பொது விதி. ஆனா நீங்க கேட்டது சட்டம் என்னன்னு இல்லையே, தப்பு என்னன்னுதானே? சொல்றேன்.

உங்க டெக்சாஸ்லயே நடந்த கதை. 1981 மார்ச்ல அப்போதைய ஜனாதிபதி ரீகனை சுட்டாங்க. ஹாரிஸ் கவுன்டில கான்ஸ்டபிள் ஆபீஸ்ல, அதாவது ஒரு அரசாங்க ஆபீஸ்ல, டைப் அடிக்கிற 19 வயசுப் பொண்ணு, ரேடியோல நியூஸ் கேட்டுட்டு, கூட வேலை பாத்தவர்கிட்ட, மறுபடி யாராவது சுட்டா ரீகன் தப்பிக்கக்கூடாதுங்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடுச்சு. வேலை போச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1987ல 5க்கு 4ன்னு அந்தப் பொண்ணுதான் ஜெயிச்சுது. கோர்ட் என்ன பாத்துச்சுன்னா, துப்பாக்கி தூக்குற வேலை இல்ல, ஜனங்களோட பழகுற வேலையும் இல்ல, அந்தப் பேச்சால ஆபீஸ் வேலை எதுவும் கெடல, அப்புறம் எதுக்கு தூக்கினேன்னு கேட்டுச்சு. இதே பேச்சை எதிர் பில்டிங்ல ஒரு தனியார் பேங்க்ல உட்காந்து பேசியிருந்தா முதல் திருத்தத்தை வச்சு கேஸே போட்டிருக்க முடியாது. வாய் அதேதான், வார்த்தையும் அதேதான், சம்பளம் போடுற ஆள் வேறங்கறதுக்காக உரிமை இல்லாமப் போயிடுமா? இது எனக்கு நியாயமாவே படல.

அரசாங்கம் ஜெயில்ல போடலையேன்னு கேட்டீங்க. 1947 நவம்பர்ல ஹாலிவுட் ஸ்டுடியோ முதலாளிங்க நியூயார்க்ல ஒரு ஹோட்டல்ல கூடி, நீ கம்யூனிஸ்ட்டான்னு அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி கேட்டதுக்கு பதில் சொல்ல மறுத்த பத்து பேருக்கு இனி வேலை கிடையாதுன்னு அறிவிச்சாங்க. அந்தப் பத்து பேர் பின்னாடி ஜெயிலுக்குப் போனது நிஜம், ஆனா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா பிளாக்லிஸ்ட்ல கிடந்த எழுத்தாளர்கள், நடிகர்கள் எத்தனையோ பேர் ஜெயில் வாசலையே பாக்கல, வேலை மட்டும்தான் கிடைக்கல, சில பேர் வேற பேர்ல ஒளிஞ்சு எழுதிப் பொழைச்சாங்க. பயமுறுத்தினது வாஷிங்டன், வேலையை விட்டு அனுப்பினது தனியார். நீங்க கேட்ட விஷயத்துலயும் அப்படித்தான். 2025 செப்டம்பர்ல கர்க் செத்து ஒரு வாரத்துக்குள்ள, நாட்டோட துணை ஜனாதிபதி வான்ஸ் கர்க்கோட ஷோல உட்காந்து, கொலையைக் கொண்டாடுறவங்களைப் பாத்தா அவங்க முதலாளிக்கு போன் போடுங்கன்னு சொன்னார். துணை ஜனாதிபதி சொன்னப்புறமும் அது கம்பெனியோட சொந்த இஷ்டம்தானா?

ஒரு மனுஷன் செத்ததுக்கு சந்தோஷப்பட்டு எழுதுறது கேவலம், எனக்கு அதுல ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா அங்க வேலை போனா சம்பளம் மட்டுமா போகுது, பெரும்பாலானவங்களுக்கு குடும்பத்தோட மெடிக்கல் இன்ஷூரன்ஸும் கூடவே போகுது, எச்1பி விசால இருக்கற நம்ம பசங்களுக்கோ அறுபது நாள்தான் டைம், அதுக்குள்ள வேற வேலையோ வேற விசாவோ கிடைக்கலன்னா மூட்டை கட்டணும். அந்த நிலைமைல இருக்கறவன் எந்தக் கட்சியைப் பத்தியும் ஒரு வார்த்தை எழுதுவானா? வயித்துல அடிச்சா வாய் தானா மூடிக்கும்னு தெரிஞ்சுதான் அடிக்கிறாங்க.

இதை எனக்குப் பிடிச்சவங்களுக்காக மட்டும் சொல்லல. இங்கிலாந்துல பிராட்ஃபோர்ட்ல மாற்றுத்திறனாளிகளை வண்டில கூட்டிட்டுப் போற டிரைவர் ஒருத்தர், 2004ல பிஎன்பிங்கற வெள்ளையர் கட்சி சார்புல கவுன்சிலரா ஜெயிச்சார். அந்தக் கட்சி எனக்கு அறவே ஆகாது. ஆனா அவர் வண்டில வந்தவங்க பெரும்பாலும் ஆசியாக்காரங்க, அவங்க யாரும் அவர் மேல ஒரு புகாரும் சொல்லல, அவரோட சூப்பர்வைசரே ஆசியாக்காரர், நல்ல வேலைக்காரர்னு பாராட்டி சிபாரிசு பண்ணியிருந்தார். கட்சிக்காக வேலை போச்சு. ஒரு வருஷம் வேலை பாத்திருந்தாத்தான் இந்த மாதிரி கேஸே போட முடியும்னு அப்ப சட்டம், அவருக்கு அந்த ஒரு வருஷம் ஆகல. 2012ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் அது தப்புன்னு தீர்ப்பு சொல்லி, அடுத்த வருஷமே பிரிட்டன் சட்டத்தை மாத்திச்சு. அரசியல் கருத்துக்காக வேலை போனா, சேந்து எத்தனை நாள் ஆச்சுன்னு இப்ப அங்க கேக்கறதில்ல.

அதுக்காக கம்பெனிக்கு உரிமையே கிடையாதுன்னு நான் சொல்லல. நோயாளி எந்தக் கட்சின்னு பாத்து ஊசி போடுவேன்னு எழுதற நர்ஸை ஆஸ்பத்திரி வச்சுக்க முடியாது, கஸ்டமரை முகத்துக்கு நேரா திட்டறவரையும் வச்சுக்க முடியாது. வேலை கெடுதாங்கறதை மட்டும் பாருங்க, வேலை முடிஞ்சு வீட்ல ராத்திரி என்ன எழுதினார்ங்கறது முதலாளிக்கு எதுக்கு? கனெக்டிகட் மாநிலத்துல 1983லேருந்து கிட்டத்தட்ட இதே சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் இருக்கு, அங்க எந்தக் கம்பெனியும் இதால இழுத்து மூடிட்டுப் போகல. கலிபோர்னியாலயும் ஊழியரோட அரசியல்ல முதலாளி தலையிடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. டெக்சாஸ்ல கனெக்டிகட் மாதிரி சட்டம் கிடையாது. உங்களுக்கு அங்க ஓட்டு இருந்தா, அடுத்த தடவை ஓட்டு கேட்டு வர்றவர்கிட்ட ஏன் இல்லன்னு கேளுங்க.