டிஏடி தேர்வில் ஸ்பெக்ட்ரோஸ்கோபி கேள்விகளுக்கு ஐ.ஆர்., என்.எம்.ஆர். அட்டவணையை முழுசா மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்றால் ஒரு மூலக்கூறு எந்த அலையை உறிஞ்சுகிறது என்று பார்த்து அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பது. ஐ.ஆர். (அகச்சிவப்பு) அதில் என்ன பிணைப்பு இருக்கிறது என்று காட்டும்; என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் எடுப்பது) ஹைட்ரஜன்கள் எதை ஒட்டி இருக்கின்றன என்று காட்டும். அமெரிக்காவில் பல் மருத்துவம் சேர எழுதும் இந்தத் தேர்வை நான் எழுதியதில்லை. கடலூர் சிப்காட்டில் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) லேப்பில் வேலை பார்த்தவன். டெக்சஸில் இருக்கும் அக்கா மகளுக்கு வீடியோ காலில் சொல்லிக்கொடுத்ததை வைத்து எழுதுகிறேன்.

அறிவியல் பகுதியில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி. ஆர்கானிக் (கரிம வேதியியல்) 30, அதில் ஸ்பெக்ட்ரம் ஒரு சிலதான். விடையைத் தேடாதீர்கள், தப்பானதை அடித்துக்கொண்டே வாருங்கள்.

அவள் மாட்டிக்கொண்ட கணக்கு இது: 4 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். "மாமா, மூணுமே ஒரே ஃபார்முலா!" என்றாள். பியூட்டனாயிக் அமிலம், எத்தில் அசிட்டேட், மெத்தில் புரொபனோயேட். கொடுத்த ஸ்பெக்ட்ரம் இதில் எதனுடையது? ஐ.ஆரில் 1740 பக்கம் (அலகு செ.மீ.⁻¹) கூர்மையான கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) இருக்கிறது, 2500 முதல் 3300 வரை அமிலத்துக்கே உரிய அகலமான மேடு இல்லை. அமிலம் போச்சு. மிச்சம் இரண்டு எஸ்டர். என்.எம்.ஆரில் இரண்டுக்குமே ஒரு சிங்லெட் (பிளவுபடாத ஒற்றைக் கோடு), ஒரு குவார்ட்டெட் (நான்காகப் பிளந்தது), ஒரு டிரிப்லெட் (மூன்றாகப் பிளந்தது) வரும், அதனால் பிளவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். எது ஆக்சிஜனை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்; அதன் எண் (அலகு பி.பி.எம்.) பெரிதாக வரும். குவார்ட்டெட் 4.1இல், சிங்லெட் 2.0இல் என்றால் எத்தில் அசிட்டேட். சிங்லெட் 3.7க்கும் குவார்ட்டெட் 2.3க்கும் போனால் மற்றது.

மனப்பாடம் என்றால் இவ்வளவு போதும்: கார்பனைல் 1700 சுற்றி, ஆல்கஹால் ஓ.ஹெச். 3300 பக்கம் அகலமாக, நைட்ரைல் (கார்பன்-நைட்ரஜன் முப்பிணைப்பு) 2250. என்.எம்.ஆரில் பென்சீன் வளையம் 7 பக்கம், ஆல்டிஹைடு 9 முதல் 10. ஐசோபுரொப்பைல் என்றால் 6 ஹைட்ரஜன் டப்லெட் (இரண்டாகப் பிளந்தது), ஒரு ஹைட்ரஜன் செப்டெட் (ஏழாகப் பிளந்தது).

ஓ.ஹெச். மேட்டைப் பற்றி ஒரு சொந்தக் கதை. ஐப்பசி மழையில் சாம்பிளைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு சேர்த்து அழுத்தி ஐ.ஆருக்குப் பெல்லட் (வில்லை) போட்டால், கடல்காற்று ஈரத்தை அது உறிஞ்சிவிடும். 3400இல் பெரிய மேடு வரும். சாம்பிளில் ஆல்கஹால் கலந்திருக்கிறது என்று நான் ரிப்போர்ட்டே எழுதிவிட்டேன். பார்த்தது வெறும் தண்ணீர்! தேர்வுத்தாளில் இந்த வம்பு இருக்காது.

பயிற்சிக்கு ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. நிறுவனத்தின் எஸ்.டி.பி.எஸ். என்ற ஸ்பெக்ட்ரம் தளம் இலவசம். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துச் சொல்லிப்பாருங்கள். தினம் ஐந்து போதும்.